பின் ஸ்பிரிங்கின் இறப்பர் புஷ்: சிறு பொருள், பெரும் பொறுப்பு

எங்கள் பங்கின் அறைவீட்டில் ஒரு பழைய மொரிஸ் மைனர் கார் நிற்கிறது. எனக்கு முன்னிருந்த பல பங்குத்தந்தையர்களுக்குச் சேவை செய்த கார் அது. தீவுப்பகுதியில் இரவு வேளையில் ஒருவருக்கு நெஞ்சு நோவு என்றாலும், பிள்ளைத்தாச்சி ஒருவருக்கு நோக்காடு தொடங்கினாலும், முதலிற் தட்டப்படுவது அறைவீட்டுக் கதவுதான். ஆகவே அந்தக் கார் ஓடுவதும் ஓடாமல் நிற்பதும் எனது தனிப்பட்ட வசதியைப் பற்றிய விடயம் அல்ல.

2023 ஆம் ஆண்டு மாரி காலத்தில் ஒரு நாள் இரவு, ஒரு தாயையும் அவருடைய மாமியாரையும் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டேன். பண்ணைத் தாம்போதியில் ஏறிச் சிறிது தூரம் சென்றதும் மாடு ஒன்று குறுக்கே வந்தது. பிறேக்கை அழுத்தினேன். காரின் பின்பகுதியில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. உடனே கார் தானாகவே வலது பக்கம் இழுத்தது. எதிரே வாகனம் எதுவும் வராதபடியால் தப்பினோம். இருபுறமும் கடல் உள்ள வீதியில் அந்த இழுவை இன்னும் ஒரு மீற்றர் நீண்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க இன்றும் நெஞ்சு பதறுகிறது. இறைவன் அருளால் அந்தத் தாய் சுகமாகப் பிள்ளை பெற்றார்.

உண்மையைச் சொல்வதானால், அந்தச் சத்தம் எனக்குப் புதியதல்ல. பல மாதங்களாக அது கேட்டுக்கொண்டே இருந்தது. 'பழைய கார்தானே, சத்தம் போடாமல் இருக்குமா?' என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பின் ரயர்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்தபோது, காரணத்தைத் தேடாமல் புது ரயர் இரண்டை வாங்கிப் போட்டேன். அவையும் அவ்வாறே தேயத் தொடங்கின. நோய்க்கு மருந்து செய்யாமல் நோயாளிக்குப் புதுச் சட்டை வாங்கிக் கொடுத்த கதைதான் இது.

நோய் எங்கே இருந்தது? பின் ஸ்பிரிங்குகளின் இரு முனைகளிலும் உள்ள, பெருவிரல் அளவேயான சில இறப்பர்த் துண்டுகளில் இருந்தது. இவற்றையே 'புஷ்' என்று அழைக்கிறோம். பழைய கார், வான் வைத்திருக்கும் எமது கிராமத்தவர்களுக்கும் இத்தொழிலைப் பழக விரும்பும் இளைஞர்களுக்கும் பயன்படும் என்ற நோக்கில், இதைப் பற்றி நான் பட்டும் கேட்டும் அறிந்தவற்றை இங்கு தருகின்றேன்.

புஷ் என்ன வேலை செய்கிறது?

எமது மாட்டு வண்டிலில் அச்சு நேரடியாக வண்டிலின் சட்டத்துடன் பொருந்தியிருக்கும். சில்லு கல்லில் ஏறினால் அந்த அடி முழுவதும் வண்டிலில் இருப்பவரின் முதுகெலும்புக்கு வரும். காரில் அவ்வாறில்லை. மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் போன்ற பழைய கார்களின் பின் அச்சு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட உருக்குத் தகடுகளாலான இரண்டு நீள ஸ்பிரிங்குகளின் மேல் கட்டப்பட்டிருக்கிறது. வில்லைப் போல் வளைந்த இந்த ஸ்பிரிங்கின் முன்முனை காரின் அடித்தளத்தில் ஒரு தாங்கியுடன் போல்ற் மூலம் பிணைக்கப்பட்டுள்ளது. பின்முனை 'ஷக்கிள்' எனப்படும் ஊஞ்சல் போன்ற ஒரு சிறு இணைப்பில் தொங்குகிறது.

ஏன் ஊஞ்சல் தேவை? வளைந்த வில்லின் மேல் பாரம் ஏறும்போது அது நிமிர்கிறது. நிமிர்ந்தால் அதன் இரு முனைகளுக்கும் இடைப்பட்ட தூரம் கூடுகிறது. இரண்டு முனைகளையும் அசையாமல் கட்டிவிட்டால் ஸ்பிரிங் வேலை செய்யாது. ஆகவே ஒரு முனை நிலையாகவும், மறுமுனை முன்னும் பின்னும் ஆடக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

இந்த இணைப்புகளில் இரும்பும் இரும்பும் நேரே உரசினால் சத்தமும் தேய்வும் ஏற்படும். எனவே ஸ்பிரிங்கின் கண்ணுக்கும் அதனூடாகச் செல்லும் ஆணிக்கும் இடையில் இறப்பர் புஷ் வைக்கப்படுகிறது. எமது முழங்கால் மூட்டில் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே குருத்தெலும்பு இருப்பதைப் போன்றதே இது. குருத்தெலும்பு தேய்ந்தவர் எவ்வாறு நடக்கிறார் என்பதை நாம் அறிவோம். புஷ் தேய்ந்த காரும் அவ்வாறே நடக்கிறது.

முக்கியமான ஒரு விடயத்தை இங்கு விளங்கிக்கொள்ள வேண்டும். இறப்பர் புஷ் ஆணியின் மேல் வழுக்கிச் சுழல்வதில்லை. அதன் உட்பக்கம் ஆணியையும் வெளிப்பக்கம் ஸ்பிரிங்கின் கண்ணையும் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்பிரிங் அசையும்போது நடுவிலுள்ள இறப்பர் முறுகிக் கொடுக்கிறது. பின்பு பழைய நிலைக்குத் திரும்புகிறது. இந்தத் தத்துவத்தை மறந்து செய்யப்படும் வேலையே எமது நாட்டில் பல புஷ்களின் ஆயுளைக் குறைக்கிறது. இதைப் பின்னர் விரிவாகப் பார்ப்போம்.

சிறிய ஆட்டம், பெரிய விலகல்

பின் ஸ்பிரிங் காரைத் தாங்குவது மட்டுமன்றி, பின் அச்சு காரின் நீளத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படியும் பார்த்துக்கொள்கிறது. ஒரு பக்க முன் புஷ் தேய்ந்துவிட்டால் அந்தப் பக்க அச்சு முன்னும் பின்னும் நகரும். அப்பொழுது பின் சில்லுகள் ஒரு பக்கமும் முன் சில்லுகள் வேறு பக்கமும் பார்க்கும்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். இரண்டு ஸ்பிரிங்குகளுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு மீற்றர் தூரம் இருக்கிறது என்று கொள்வோம். ஒரு பக்கம் 5 மில்லிமீற்றர் மாத்திரம் பின்வாங்கினால் அச்சு ஏறத்தாழ 0.3 பாகை திரும்புகிறது. கண்ணுக்கே தெரியாத அளவு இது. ஆனால் மொரிஸ் மைனரின் முன் பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் 86 அங்குலம், அதாவது ஏறத்தாழ 2.18 மீற்றர். இந்த அளவுகளை வைத்துக் கணக்கிட்டால், சாரதி சுக்கானைத் திருத்திப் பிடிக்காவிடின், 20 மீற்றர் செல்வதற்குள் கார் ஏறத்தாழ அரை மீற்றர் பக்கவாட்டில் விலகிவிடும். நேர் வீதியில் சாரதியின் கை தன்னையறியாமலே இதைத் திருத்திக்கொள்ளும். திடீரெனப் பிறேக் பிடிக்கும்போதுதான் ஆபத்து. அந்த வேளையில் அச்சு திடீரென இடம் மாறுகிறது. கைக்குத் திருத்த நேரம் கிடைப்பதில்லை. தாம்போதியில் எனக்கு நடந்தது இதுவே.

இறப்பர் ஏன் கெடுகிறது?

1876 ஆம் ஆண்டு கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடத் தாவரவியற் பூங்காவில் முதன்முதலாக நடப்பட்ட மரங்களிலிருந்து எமது நாட்டின் இறப்பர்ச் செய்கை வளர்ந்தது. மரத்துப் பாலிலிருந்து கிடைக்கும் இறப்பர் வெப்பத்தில் இளகும், குளிரில் விறைக்கும். கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதி பெறும் என்பதை 1839 இல் சார்ள்ஸ் குட்இயர் கண்டுபிடித்தார். அவ்வாறு பதப்படுத்திய இறப்பரே புஷ்ஷாகவும் ரயராகவும் வருகிறது.

அதற்கு எதிரிகள் பலர். காற்றிலுள்ள ஓசோனும் வெப்பமும் அதை வெடிக்கச் செய்கின்றன. எஞ்சின் ஒயில், கிறீஸ், மண்ணெண்ணெய் ஆகியன அதை ஊதச் செய்து பலவீனப்படுத்துகின்றன. இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரே அளவான இரண்டு இறப்பர் வளையங்களை எடுத்து, ஒன்றைத் தண்ணீரிலும் மற்றதை மண்ணெண்ணெயிலும் ஒரு இரவு ஊற வையுங்கள். காலையில் மண்ணெண்ணெயில் இருந்தது பருத்து, இழுத்தவுடன் அறுந்துபோவதைக் காண்பீர்கள். 'சத்தம் போடுகிறது' என்று சொல்லிப் புஷ்ஷுக்கு ஒயில் விடுபவர்கள் செய்யும் உதவி இதுதான்.

இவற்றுடன் எமது கிரவல் வீதிகளின் குழிகள், மழைக்காலச் சேறு, கடற்காற்றின் உப்பு, அளவுக்கு மிஞ்சிய பாரம் என்பனவும் சேர்கின்றன. ஐந்து பேருக்குரிய காரில் எட்டுப் பேரையும் இரண்டு மூடை நெல்லையும் ஏற்றினால் அதன் விலையை முதலிற் கொடுப்பது புஷ்தான்.

அறிகுறிகளும் பரிசோதனையும்

பின்வரும் அறிகுறிகள் தென்பட்டால் புஷ்களைக் கவனிக்க வேண்டும்: குழியில் இறங்கும்போதும் முதற் கியரில் புறப்படும்போதும் பின்னால் 'டொக்' என்ற சத்தம், பிறேக் பிடிக்கையில் ஒரு பக்க இழுவை, பின் ரயர்களின் ஒழுங்கற்ற தேய்வு, காரின் பின்பகுதி ஒரு பக்கமாகச் சரிந்து நிற்றல், வளைவில் பின்பகுதி ஆடுவது போன்ற உணர்வு.

ஆனால் இதே அறிகுறிகள் வேறு காரணங்களாலும் வரலாம். அச்சை ஸ்பிரிங்குடன் கட்டும் 'யூ' வடிவ போல்ற்றுகள் தளர்ந்திருக்கலாம். ஸ்பிரிங் தகடு ஒன்று முறிந்திருக்கலாம். சொக் அப்சோபரின் இணைப்பு இறப்பர் தேய்ந்திருக்கலாம். எஞ்சினிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் தண்டின் மூட்டு தேய்ந்திருக்கலாம். ஒரு பக்கப் பிறேக்கில் ஒயில் பட்டிருந்தாலும் கார் இழுக்கும். ஆகவே பணத்தைச் செலவழிக்கும் முன் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

முதலாவது, கண்ணால் பார்த்தல். காரைக் குழியின் மேல் நிறுத்தி, ரோச் லைற் வெளிச்சத்தில் ஸ்பிரிங்கின் கண்களைப் பாருங்கள். ஆணி கண்ணின் நடுவில் இருக்கிறதா, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறதா? இறப்பர் பிதுங்கி, வெடித்து, தூளாகி இருக்கிறதா? இரும்பு உரசியதன் அடையாளமாகச் செம்மண் போன்ற துருத்தூள் படிந்திருக்கிறதா?

இரண்டாவது, நெம்பிப் பார்த்தல். ஸ்பிரிங்கின் கண்ணுக்கும் தாங்கிக்கும் இடையில் ஒரு சிறு அலவாங்கை வைத்து மெதுவாக நெம்புங்கள். நல்ல இறப்பர் சற்றுக் கொடுத்து உடனே திரும்பும். தேய்ந்ததாயின் இரும்பு இரும்பில் மோதும் சத்தம் கேட்கும்.

மூன்றாவது, அளந்து பார்த்தல். முன் சில்லுகளை நேராக வைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் முன் சில்லின் நடுவுக்கும் பின் சில்லின் நடுவுக்கும் உள்ள தூரத்தை அளவுங்கள். இரு பக்கங்களுக்கும் வித்தியாசம் இருந்தால் அச்சு திரும்பியிருக்கிறது என்று கருதலாம். சுவர் கட்டும் மேசன் நூல் பிடித்துப் பார்ப்பதைப் போல, பின் சில்லிலிருந்து முன் சில்லுக்கு நூல் பிடித்துப் பார்ப்பதும் உதவும்.

இவ்வேளையில் தாங்கிகளையும் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். மொரிஸ் மைனரில் ஸ்பிரிங் தாங்கிகள் பொருந்தியுள்ள அடித்தளத் தகடு துருப்பிடிப்பது பொதுவான குறை. தகடு உக்கியிருந்தால் முதலில் அதை வெட்டி உருக்கி ஒட்ட வேண்டும். உக்கிய தகட்டில் புதுப் புஷ் போடுவது, நற்செய்தியிற் சொல்லப்படும் பழைய ஆடையில் போட்ட புது ஒட்டைப் போன்றதாகும்.

எந்தப் புஷ் வாங்குவது?

எங்கள் காரில் ஒரு பக்க ஸ்பிரிங்கின் முன் கண்ணுக்கு இரண்டு அரைத் துண்டுகளும், ஷக்கிளின் மேல், கீழ் ஆணிகளுக்கு நான்கு அரைத் துண்டுகளும் தேவைப்பட்டன. இரு பக்கமும் சேர்த்துப் பன்னிரண்டு. வேறு சில வாகனங்களில் இறப்பர், இரும்புக் குழாயுடன் ஒட்டிய ஒரே துண்டாக வரும். எனவே பழையதைக் கழற்றிப் பார்த்து அல்லது வாகனத்தின் இலக்கத்தைச் சொல்லி வாங்குவதே நல்லது. எப்பொழுதும் இரு பக்கங்களையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் கார் சமநிலையில் ஓடாது.

கடையில் வாங்கும்போது இறப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள், வளைத்துப் பாருங்கள். அலுமாரியிற் பல வருடம் கிடந்த புஷ்ஷில் மெல்லிய வெடிப்புகள் தெரியும். பொலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளாலான புஷ்களும் கிடைக்கின்றன. அவை ஒயிலுக்குத் தாங்கும். நீண்ட காலம் உழைக்கும். ஆனால் இறப்பரை விட இறுக்கமானவை என்பதால் வீதியின் அதிர்வு கூடுதலாக உள்ளே வரும். அவற்றுக்கெனக் கொடுக்கப்படும் விசேட கிறீஸைப் பூசியே பொருத்த வேண்டும். நோயாளரை ஏற்றிச் செல்லும் எங்கள் காருக்கு இறப்பரே பொருத்தம் என்று தீர்மானித்தோம்.

1990 ஆம் ஆண்டின் பின் வடபகுதிக்குப் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் வருவது தடைப்பட்டிருந்த காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. நான் அப்போது சிறுவன். லொறி ரயரின் தடித்த பகுதியை வெட்டி, நடுவில் துளையிட்டு, அரத்தால் உரோஞ்சிப் புஷ் செய்ததைக் கண்டிருக்கிறேன். அந்தக் கைகளே எமது மக்களின் கார்களை ஓட வைத்தன. ஆயினும் ரயரினுள் நூற்படைகள் இருப்பதால் அது புஷ்ஷைப் போல் எல்லாப் பக்கமும் ஒரே சீராக முறுகிக் கொடுக்காது. நல்ல புஷ் கிடைக்கும் இக்காலத்தில் அவசரத்துக்கு அன்றி அதைப் பயன்படுத்த வேண்டியதில்லை.

வேலைக்கு முன் பாதுகாப்பு

காரின் கீழ் நசுங்கி உயிரிழப்பது மிக எளிது; அதைத் தடுப்பதும் எளிதே. உறுதியான, சமமான தரையில் மாத்திரம் வேலை செய்யுங்கள். பழைய கார்களில் கைப்பிரேக்கும் கியரும் பின் சில்லுகளையே பிடிக்கின்றன என்பதை மறக்கக்கூடாது. பின்பகுதியை உயர்த்தியதும் அவை இரண்டும் பயனற்றுப் போகும். ஆகவே முன் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து இறுக்குங்கள்.

ஜக் என்பது உயர்த்துவதற்கு, தாங்குவதற்கு அல்ல. உயர்த்தியபின் இரும்புத் தாங்கிகளை வையுங்கள். அவை இல்லாவிடின், அகலமாக வெட்டிய வைரமான பனங்குற்றிகள் உதவும். சீமெந்துக் கற்களை ஒருபோதும் வைக்க வேண்டாம். அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும். தனியாக வேலை செய்யவும் வேண்டாம்.

இன்னொன்று: மொரிஸ் மைனரின் பெற்றோல் தாங்கி பின் பெட்டியின் தரைக்குக் கீழேயே உள்ளது. ஷக்கிள்களும் அதற்கு அண்மையிலேயே இருக்கின்றன. எனவே துருப்பிடித்த நட்டைக் கழற்றவோ பழைய இறப்பரை எரித்து எடுக்கவோ நெருப்பைக் கிட்டக் கொண்டு செல்லக்கூடாது.

மாற்றும் முறை

முதல் நாள் மாலையே போல்ற், நட்டுகளைக் கம்பித் தூரிகையால் துப்புரவாக்கித் துருவை இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். பழைய புஷ் எப்படியும் எறியப்படுவதால் எண்ணெய் பட்டாலும் பாதகமில்லை.

மறுநாள் சில்லு நட்டுகளைச் சற்றுத் தளர்த்தியபின் பின்பகுதியை உயர்த்துங்கள். ஸ்பிரிங்கின் முன் தாங்கிகளுக்குச் சற்று முன்னால், உடலின் உறுதியான பகுதியில் தாங்கிகளை வைத்துச் சில்லுகளைக் கழற்றுங்கள். பின் அச்சின் கீழ் ஜக்கை வைத்து, ஸ்பிரிங்கில் இழுவையும் அழுத்தமும் இல்லாத நிலை வரும்வரை ஏற்றி இறக்கிச் சரிசெய்யுங்கள். அச்சைத் தொங்க விட்டால் பிறேக்குக்குச் செல்லும் இறப்பர்க் குழாய் இழுபட்டுச் சேதமடையலாம்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம், அதிலும் ஒரு முனை என்ற ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். மறு முனைகள் பிணைக்கப்பட்டிருந்தால் அச்சு இடம் மாறாது. திரும்பப் பொருத்துவது சுலபம். அந்தப் பக்கச் சொக் அப்சோபரின் இணைப்பைக் கழற்றிவிட்டு ஷக்கிளின் நட்டுகளைக் கழற்றுங்கள். வெளித்தகட்டை எடுத்தபின் ஆணிகள் உள்ள பகுதியை மரக்கட்டை வைத்துத் தட்டி வெளியேற்றுங்கள். ஆணியின் புரியில் சுத்தியல் நேரே படக்கூடாது. அதன்பின் முன் கண்ணின் போல்ற்றைக் கழற்றும் முறை வரும்போதும் இவ்வாறே செய்யுங்கள்.

அரைத் துண்டுகளான பழைய இறப்பரைத் திருகாணி முடுக்கியால் கிளப்பி எடுக்கலாம். இரும்புக் குழாயுடன் கூடிய புஷ்ஷாயின், இரும்பு வாளின் அலகைக் கண்ணினூடாக விட்டு அந்தக் குழாயை மட்டும் நீளவாட்டில் அறுத்தால் அது சுருங்கி வெளியே வரும். ஸ்பிரிங்கின் கண்ணை அறுத்துவிடாமற் கவனியுங்கள். கண்ணின் உட்பக்கத்தை மண்கடதாசியால் நன்கு துப்புரவாக்குங்கள். ஆணியில் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பள்ளமான ஆணி புதிய இறப்பரைச் சீக்கிரமே அரித்துவிடும்.

புதுப் புஷ்ஷை உள்ளே தள்ளச் சவர்க்காரத் தண்ணீர் போதுமானது. அது காய்ந்ததும் இறப்பர் இரும்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். கிறீஸும் ஒயிலும் வேண்டாம். நட்டுகளுக்குப் புதிய ஸ்பிரிங் வாசர்களைப் போட்டு, கையால் இறுகும் அளவுக்கு மாத்திரம் முடுக்குங்கள். இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கடைசி இறுக்கம்

தாம்போதிச் சம்பவத்துக்குப் பின்னர் நான் காரை ஒரு கராஜில் கொடுத்துப் புதுப் புஷ் போடுவித்தேன். சத்தம் நின்றது. நான்கு மாதத்தில் மீண்டும் வந்தது. கழற்றிப் பார்த்தால் புது இறப்பர் நார் நாராகக் கிழிந்திருந்தது. 'சாமான் சரியில்லை' என்று கடைக்காரரைக் குறை சொன்னேன்.

எங்கள் ஊரில் எழுபது வயது கடந்த ஒரு பெரியவர் இருக்கிறார். நான் சொன்ன காலத்தில் லொறி ரயரில் புஷ் வெட்டியவர்களுள் அவரும் ஒருவர். கிழிந்த இறப்பரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "சுவாமி, நட்டை இறுக்கேக்க சில்லு நிலத்தில நிண்டதோ, அந்தரத்தில தொங்கினதோ?" எனக்குத் தெரியவில்லை. கராஜில் விசாரித்தபோது, கார் உயர்ந்து நிற்கையிலேயே எல்லாவற்றையும் இறுக்கியதாகச் சொன்னார்கள்.

பெரியவர் தமது தோளிற் கிடந்த துவாயை எடுத்து என் கையில் ஒரு முனையைத் தந்து, மறு முனையை முறுக்கினார். "இப்பிடி முறுக்கின நிலையிலயே இதை நாள் முழுக்க வைச்சிருந்தா எத்தினை நாளைக்குத் தாங்கும்?" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சில்லு தொங்கும்போது ஸ்பிரிங் அதிகம் வளைந்திருக்கும். அந்த நிலையில் நட்டை இறுக்கினால் இறப்பர் அந்த நிலையிலேயே ஆணியையும் கண்ணையும் பிடித்துக்கொள்ளும். காரை நிலத்தில் இறக்கியதும் ஸ்பிரிங் நிமிர்கிறது, இறப்பர் முறுகுகிறது. கார் சும்மா நிற்கும்போதும் அந்த முறுக்கு நீங்குவதில்லை. குழியில் விழும்போது அது இன்னும் கூடுகிறது. அதனால் விரைவில் கிழிகிறது. மாறாக, சில்லுகள் நிலத்தில் நின்று, கார் தனது வழக்கமான பாரத்தைத் தாங்கும் நிலையில் இறுக்கினால், இறப்பர் முறுக்கின்றி ஓய்வாக இருக்கும். மேலே போனாலும் கீழே போனாலும் சிறிதளவே முறுகும்.

ஆகவே இரு பக்க வேலையும் முடிந்ததும் சொக் அப்சோபரின் இணைப்புகளைப் பூட்டி, சில்லுகளையும் பூட்டிக் காரை நிலத்தில் இறக்குங்கள். பின்பகுதியைச் சில தடவை கையால் அழுத்தி அழுத்தி விடுங்கள். ஸ்பிரிங் தனது இயல்பான நிலைக்கு வரும். காரின் கீழ் செல்ல இடம் போதாவிட்டால் குழியின் மேல் நிறுத்தலாம். அல்லது சில்லுகளின் கீழ் ஒரே தடிப்பான பலகைகளை அடுக்கி உயர்த்தலாம். பாரம் சில்லுகளின் மேல் இருப்பதே முக்கியம். இப்போது நட்டுகளை முழுமையாக இறுக்குங்கள். ஒரு வாரம் ஓடியபின் இறுக்கத்தை மீண்டும் ஒரு தடவை பாருங்கள். சில்லுகளின் இடைத்தூரத்தையும் மறுபடி அளந்து பாருங்கள்.

பெரியவரின் மேற்பார்வையில் எங்கள் இளைஞர் மன்றத்தைச் சேர்ந்த இரண்டு தம்பிமார் இந்த வேலையைச் செய்தார்கள். ஒரு சனிக்கிழமை காலை தொடங்கிப் பொழுதுபட முன் முடித்தார்கள். அந்தப் புஷ்கள் இன்றுவரை நன்றாக உழைக்கின்றன. நான் கடைக்காரரிடம் சென்று, தவறாகக் குறை சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

மனதிற் கொள்ள வேண்டியவை

1. சத்தம் என்பது வாகனம் சொல்லும் முறைப்பாடு. காரணம் அறியாமல் பழகிக்கொள்ள வேண்டாம்.
2. ரயர் ஒழுங்கற்றுத் தேய்ந்தால், புது ரயர் வாங்குமுன் புஷ்களையும் அச்சின் நிலையையும் பாருங்கள்.
3. இரு பக்கங்களையும் ஒன்றாக மாற்றுங்கள்.
4. இறப்பருக்கு ஒயில், கிறீஸ், மண்ணெண்ணெய் ஆகாது.
5. ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழ் செல்ல வேண்டாம்.
6. கடைசி இறுக்கம், சில்லுகள் நிலத்தில் நிற்கும்போதே.
7. வருடத்துக்கு ஒரு முறை, மாரிக்கு முன், எல்லாப் புஷ்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலையே எட்டாத உயரத்துக்குச் சென்றதை நாம் கண்டோம். எமது கிராமங்களில் பெரும்பாலானோருக்குப் புது வாகனம் இன்றும் கனவுதான். இருப்பதைப் பேணத் தெரிந்தவரே இங்கு செல்வந்தர். பாவித்துவிட்டு எறியும் பழக்கத்தை 2015 இல் வெளியிட்ட தமது சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் கண்டித்தார். அந்தப் பழக்கம் பொருட்களோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. தொழில் தெரிந்த முதியவர்களையும் நாம் மூலையில் இருத்திவிடுகிறோம்.

எழுபது வயதுப் பெரியவர் ஒருவரின் ஒரு கேள்வி, எங்கள் பங்குக்கு மீண்டும் ஒரு தடவை புஷ் வாங்கும் செலவை மிச்சப்படுத்தியது; ஒரு உயிரைக்கூடக் காத்திருக்கலாம். அத்தகையவர் உங்கள் ஊரிலும் இருப்பார். அவருடைய கையிலுள்ள அறிவு அவருடன் போய்விடும் முன்னர், இரண்டு இளைஞர்களை அவரருகில் அமரச் செய்யுங்கள். உடலில் பலவீனமாகத் தோன்றும் உறுப்புகளே மிகவும் தேவையானவை என்ற கருத்தைப் புனித பவுல் கொரிந்தியருக்கு விளக்கினார். பெருவிரல் அளவு இறப்பர்த் துண்டுக்கு அது பொருந்துவது போலவே, எமது கிராமத்தின் மூலையில் இருக்கும் அந்தப் பெரியவருக்கும் பொருந்தும்.